ஏசி குளிரவில்லை என்றாலே கேஸ்தானா? கார் ஏசி அனுபவங்கள்

சிக்னலில் நின்றால் ஏசியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரும். வண்டி வேகம் பிடித்ததும் பழையபடி ஜில்லென்று ஆகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பானட்டைத் திறக்கும் முன்பே "கேஸ் கம்மியா இருக்கும் சார், ஏத்திடலாம்" என்றார்கள். கேஸ் குறைந்தாலும் வேகத்தில் கொஞ்சம் தேறும் என்பது உண்மைதான், கேஸை அழுத்தும் கம்ப்ரசர் இன்ஜினோடு சேர்ந்து வேகமாகச் சுற்றுமல்லவா. ஆனால் என் வண்டியில் நின்றபடி ஆக்சிலேட்டரை மிதித்தாலும் குளிர் வரவில்லை. அதுதான் உறுத்தியது.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் எதையும் எடுக்கவில்லை. வண்டியை ஐடிலில் விட்டு, முன் கிரில் வழியாகக் கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியே விடும் பகுதி) மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார். ஆவி கிளம்பியது, சற்று நேரத்தில் உள்ளே குளிர் காற்று! "கேஸ் சரியா இருக்கு, ஃபேன்தான் ஓடல" என்றார். பார்த்தால் கண்டென்சர் ஃபேன் மோட்டார் உயிரை விட்டிருந்தது.

அவர் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சொல்கிறேன். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கையில் ஸ்பிரிட் தடவினால் அது ஆவியாகும்போது தோல் குளிர்கிறதே, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் நடப்பதும் அதேதான். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியே வரும் திரவம், அழுத்தம் சட்டென்று விழுவதால் காயிலுக்குள் கொதித்து ஆவியாகி, கேபின் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து அழுத்த, அது நன்றாகச் சூடாகிக் கண்டென்சருக்குப் போகும். அங்கே வெளிக்காற்று பட்டால்தான் சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது ஃபேன் இல்லாவிட்டால் கதை முடிந்தது.

* * *

எனக்கு நேர்மாறான அனுபவம். நிற்கும்போது எல்லாம் சரி. நீண்ட பயணத்தில், அதுவும் மழை நாளில், போகப் போக காற்று குறைந்துகொண்டே வந்தது. ப்ளோயர் சத்தம் என்னவோ முழு வேகத்தில் கேட்கிறது, முகத்தில்தான் காற்று இல்லை. ஏசி பட்டனை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பிவிடும், காருக்கு அடியில் தண்ணீரும் கொட்டும்.

கூலிங் காயில் முழுக்க ஐஸ் கட்டியிருக்கிறது. காயில் உறைநிலையை நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்தச் சொல்ல ஒரு சென்சார் உண்டு, அது பழுது. சென்சரை மாற்றியதும் சரியாகிவிட்டது. இதிலும் முதல் ஆலோசனை கேஸ் ஏற்றுவதுதான், கேட்டுக்கொள்ளுங்கள்.

* * *

நண்பர்களே, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் சிலர் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடாதபோது கேஜை மாட்டி "பிரஷர் இருக்கு, கேஸ் ஃபுல்" என்பார்கள். அது கணக்கே இல்லை. உள்ளே துளி திரவம் இருந்தாலும் 30 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ ஏறத்தாழ 95 பிஎஸ்ஐ காட்டும். பாதி கேஸ் இருந்தாலும் அதே அளவுதான், முழுக்க இருந்தாலும் அதே அளவுதான். எவ்வளவு கிராம் என்று பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். பழைய கேஸை மெஷினில் உறிஞ்சி, வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியே இழுத்து), அந்த எடைக்கு ஏற்றுவதுதான் முறை. குத்துமதிப்பாக அதிகம் ஏற்றினாலும் குளிர் குறையும், கம்ப்ரசருக்கும் சுமை.

பெட்ரோல் போல எரிந்து தீர்வதல்ல கேஸ், மூடிய வட்டத்தில் சுற்றுகிறது. ஓ-ரிங், ஹோஸ் வழியே பல வருடங்களில் துளித்துளியாகக் குறைவது வேறு. ஒரே சீசனில் மறுபடி மறுபடி குறைந்தால் எங்கோ லீக். கம்ப்ரசர் ஆயிலும் கேஸோடுதான் பயணிக்கிறது. அதனால் லீக் உள்ள ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருக்கும், டார்ச் அடித்தாலே பல நேரம் தெரிந்துவிடும். லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் ஆயிலும் போய்க் கம்ப்ரசர் ஜாம் ஆகும். அந்தச் செலவு பெரிது.

* * *

என் பங்குக்கு ஒன்று. இடப்பக்க சீட்டின் கீழே கார்ப்பெட் ஊறிக் கிடந்தது. மழைத்தண்ணீர் என்று கதவு ரப்பரைச் சந்தேகித்தோம். கடைசியில் ஏசி டிரெய்ன் குழாயில் குப்பை அடைப்பு. காயிலில் படியும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே வழிந்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி நனைந்திருந்தால் தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் குழாயைச் சுத்தம் செய்தால் போதும். இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது ஏசி தண்ணீர் அல்ல, ஹீட்டர் பக்கம் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறது. அதைத் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள், இன்ஜினே சூடேறிவிடும்.