பேரணிக்கு ஆறு வண்ணச் சால்வை: எந்த நூல் வாங்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் கடைசி வாரம் சென்னையில் வானவில் சுயமரியாதைப் பேரணி, தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர் நடத்தும் பெருமிதப் பேரணி. 2009இல் தொடங்கியது. அண்ணன் மகள் இந்த வருடம் முதன்முதலாக நடக்கப் போகிறாள். "அத்தை, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! அவள் தோளில் போட குரோஷா சால்வை ஒன்று பின்னித் தர வேண்டும்.

அவர்களுடைய வானவில் கொடியின் ஆறு நிறங்களும் வேண்டும்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் உருவாக்கிய முதல் வானவில் கொடியில் எட்டு நிறங்கள் இருந்தன. அடர் இளஞ்சிவப்புத் துணி போதுமான அளவு கிடைக்காததால் அதை விட்டார்கள், அப்புறம் நீலப்பச்சையும் போனது. இன்று அந்த இளஞ்சிவப்பு நூல் தாராளமாகக் கிடைக்கிறது. ஓரத்தில் ஒரு வரிசை சேர்க்க ஆசை.

சிக்கல் வெயில்தான். அக்ரிலிக் நூல் இந்த வெக்கையில் கழுத்தை அரிக்கும். காட்டன் நூலில் சின்னச் சதுரம் ஒன்று பின்னி உப்புத் தண்ணீரில் நனைத்தேன். சிவப்பு கசிந்து, பக்கத்து மஞ்சள் ஓரமெல்லாம் செம்மண் நிறமாகிவிட்டது. வியர்வையிலும் சாயம் போகாத காட்டன் நூல் எது? பாரிமுனைப் பக்கம் சில்லறையாகத் தரும் நல்ல கடை தெரியுமா? அதற்குள் சென்னையில் பின்னல் நூல் கண்காட்சி ஏதும் நடந்தால் அதையும் சொல்லுங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். காற்றோட்டமாக, எடை குறைவாக வரும் பின்னல் மாதிரி இருந்தால் படம் போடுங்கள்.