நெல்லை வீட்டுக் குழு: அப்பாவுக்குப் புது வண்டி

அப்பா: எல்லோருக்கும் காலை வணக்கம். நம் கார் 2010 மாடல். டிசம்பரோடு 15 வருடம் முடிகிறது, பதிவுச் சான்றான ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். கிளட்ச், சஸ்பென்ஷன் இரண்டையும் சரிசெய்தால்தான் தகுதிச் சான்றான எஃப்.சி. கிடைக்கும் என்கிறார் மெக்கானிக். முன்பு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, இப்போது 10 தாண்டவில்லை. என்ன செய்யலாம்?

அக்கா: மாற்றிவிடலாம் அப்பா. அதில் ஏர்பேக் கிடையாது, திடீர் பிரேக்கில் வழுக்காமல் காக்கிற ஏ.பி.எஸ். கிடையாது. மழை நாளில் நீங்கள் திருச்செந்தூர் கிளம்பினால், திரும்பி வந்து போன் பண்ணும் வரை எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

சித்தப்பா: அண்ணே, அவசரம் வேண்டாம். எஃப்.சி. எடுத்தால் இன்னும் 5 வருடம் ஓட்டலாம். டெல்லி மாதிரி இங்கே பழைய வண்டிக்குத் தடை எதுவும் இல்லையே.

அத்தான்: தடை இல்லைதான் சின்ன மாமா. ஆனால் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணமே 5,000. அதோடு பசுமை வரி, கிளட்ச் செட், நாலு டயர். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜும் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் அதற்காகச் செய்தவை அல்ல.

அத்தான்: இன்னொன்று மாமா. 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். முன்பு 28, அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி வேறு. 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள் இருக்க வேண்டும். வாங்குவதாக இருந்தால் இது நல்ல நேரம்.

அப்பா: பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைபிரிட் லிட்டருக்கு 28 கொடுக்கும் என்கிறார்களே மாப்பிள்ளை?

நான்: மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டு ஹைபிரிட்டுக்கும் வாகனச் சோதனை மையமான ஏ.ஆர்.ஏ.ஐ. கணக்கு 27.97 அப்பா. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். சென்னை டிராஃபிக்கில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு அருமையான வண்டி. ஆனால் 4 மீட்டரைத் தாண்டியது, 40 சதவீத வரி. நம் பட்ஜெட்டில் வராது.

சித்தப்பா: அப்போ கேஸில் ஓடுகிற சி.என்.ஜி. பாருங்கள். மாருதி டிசையர் ஒரு கிலோ கேஸுக்கு 33 கி.மீ.க்கு மேல்.

அம்மா: டிக்கியில் சிலிண்டர் வைத்துவிட்டால் ஊரிலிருந்து தேங்காயும் அரிசியும் எதில் கொண்டு வருவது?

நான்: இரண்டு சின்ன சிலிண்டரை டிக்கி தரைக்கு அடியில் வைக்கிற மாடல்களும் இருக்கின்றன அம்மா. இருந்தாலும் கேஸ் பங்கில் வரிசையில் நிற்க வேண்டும், 3 வருடத்துக்கு ஒரு தடவை சிலிண்டரை டெஸ்ட் பண்ண வேண்டும். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்த அலைச்சல் லாபம்.

நான்: அப்பா, ஒரு கணக்கு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தால் கண் ஏமாந்துவிடும். 100 கி.மீ. போக எத்தனை லிட்டர் என்று பாருங்கள். 10 கொடுக்கிற வண்டிக்கு 10 லிட்டர். 15 என்றால் 6.7. 20 என்றால் 5. 25 என்றால் 4. பத்திலிருந்து பதினைந்துக்குப் போனால் மூன்று லிட்டருக்கு மேல் மிச்சம், இருபதிலிருந்து இருபத்தைந்துக்குப் போனால் ஒரே லிட்டர். நீங்கள் மாதம் 800 கி.மீ. ஓட்டுவதாகவும் பெட்ரோல் 101 ரூபாய் என்றும் வைத்தால், இப்போது ஆகிற செலவு 8,000. புது வண்டி ரோட்டில் 15 கொடுத்தால் 5,400, 20 கொடுத்தால் 4,000.

நான்: மாதம் 4,000 மிச்சம் என்றாலும் 8 லட்ச ரூபாய் வண்டிக்கு அந்தப் பணம் திரும்ப 16 வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் என் மனதில் முதலில் இருப்பது உங்கள் இருவரின் பாதுகாப்பு. அப்புறம் ஏறி இறங்குகிற வசதி. மைலேஜ் அதற்குப் பிறகுதான்.

அம்மா: சரி, நானும் ஒன்று சொல்கிறேன். அப்பாவுக்கு இடது முட்டியில் வலி. ஜங்ஷன் பக்கம் போய் வந்தால் ராத்திரி தைலம் தேய்க்காமல் தூக்கம் இல்லை. உங்களிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா: அதெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை.

அக்கா: அப்பா!! இதை ஏன் எங்களிடம் மறைக்கிறீர்கள்? இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

அத்தான்: மாமா, அப்படியென்றால் தானாகக் கியர் மாற்றுகிற ஏ.எம்.டி.தான். கிளட்ச் மிதிக்கவே வேண்டாம். அந்தக் கால ஆட்டோமேட்டிக் போலப் பெட்ரோல் குடிக்காது. டிசையரில் மேனுவல் 24.79, ஏ.எம்.டி. 25.71. கியர் மாறும்போது ஒரு சின்னத் தயக்கம் தெரியும், பழகிவிடும். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும். மோதல் சோதனை செய்கிற குளோபல் என்கேப் 2024-இல் 5 ஸ்டார் கொடுத்த வண்டி.

அம்மா: மாப்பிள்ளை, அந்த வண்டி தாழ்வாக இருக்கும். கல்யாண வீட்டுக்கு ஒரு தடவை அதில் போய்விட்டு, இறங்குவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அத்தான்: சரிங்க அத்தை. அப்போ டாடா பஞ்ச் பார்க்கலாம். சீட் உயரம், கதவு 90 டிகிரிக்குத் திறக்கும். அதுவும் 2021-இல் 5 ஸ்டார் வாங்கியதுதான். ஏ.எம்.டி.யில் ஏ.ஆர்.ஏ.ஐ. கணக்கு 18.8.

அப்பா: 18.8-ஆ? டிசையரைவிட 7 குறைகிறதே.

நான்: ரோட்டில் இது 14, அது 19 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 15 லிட்டர், 1,500 ரூபாய் வித்தியாசம். அம்மா வலியில்லாமல் ஏறி இறங்க அந்தப் பணத்தை நானும் அக்காவும் மாதாமாதம் போடுகிறோம்.

அக்கா: ஆமாம் அப்பா. இதற்கு நீங்கள் மறுப்பு சொல்லவே கூடாது.

சித்தப்பா: பிள்ளைகள் சொல்வது நியாயம் அண்ணே. முட்டி வலி எனக்கும் தெரியாது. நானே ஷோரூமுக்குக் கூட வருகிறேன்.

அப்பா: பழைய வண்டியை நன்றாக வைத்துக்கொள்கிற ஆளுக்குத்தான் கொடுப்பேன். உங்கள் இரண்டு பேர் கல்யாணத்துக்கும் ஓடிய வண்டி.

அத்தான்: கொடுங்கள் மாமா. படிவம் 29, 30 போட்டு ஆர்.சி. அவர் பெயருக்கு மாறிய பிறகே நிம்மதி, அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஃபாஸ்டேகை மூடிவிடுங்கள். முழு இன்சூரன்ஸ் எடுத்து கிளெய்ம் பண்ணாமல் வைத்திருந்தால், நோ கிளெய்ம் போனஸ் உங்களோடு புது வண்டிக்கு வரும். 5 வருடம் கிளெய்ம் இல்லை என்றால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி.

அப்பா: இது தெரியாதே. பாலிசி பீரோவில் இருக்கிறது, எடுத்து போட்டோ அனுப்புகிறேன்.

அம்மா: சனிக்கிழமை போகலாம். இரண்டு வண்டியிலும் நான் ஏறி இறங்கிப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்.

அப்பா: சரி, சனிக்கிழமை 10 மணி. தம்பி, நீ 9 மணிக்கே வீட்டுக்கு வந்துவிடு.

சித்தப்பா: வந்துவிடுகிறேன் அண்ணே.