விஞ்ஞானிகளில் பாதிப் பேர் விசுவாசிகளாமே! அந்த 51 எங்கிருந்து வந்தது?

கணக்குப்பிள்ளை:
விசுவாசமும் அறிவியலும் பற்றிய ஒரு பாட்காஸ்டை இங்கே சிலர் ஆகா ஓகோ என்று தூக்கி வைத்தார்களே என்று கேட்டுத் தொலைத்தேன். பெயர் வேண்டாம், கேட்டவர்களுக்குத் தெரியும். பியானோ இசை அடங்குவதற்குள் தொகுப்பாளர் அடித்துவிடுகிறார்: விஞ்ஞானிகளில் பாதிக்கு மேல் கடவுளை நம்புகிறவர்களாம். எந்தப் பாதி ஐயா? 2009-இல் அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு எடுக்கும் பியூ ஆய்வு மையம் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழக உறுப்பினர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு அது. கடவுளை நம்புகிறேன் என்றவர்கள் 33 சதவீதம். கடவுள் என்று சொல்ல மாட்டேன், ஏதோ ஒரு பேராற்றல் இருக்கிறது என்றவர்கள் 18. இரண்டையும் கூட்டினால் 51. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். 33-ஐ 33 என்று சொல்ல என்ன வெட்கம்?

நற்செய்தி நேசன்:
கூட்டியது தொகுப்பாளர் இல்லை, பியூ மையமே. அவர்கள் அறிக்கையிலேயே 51 இருக்கிறது. படிக்காமல் பொங்க வேண்டாம். அதோடு நம்பிக்கை இல்லை என்றவர்கள் 41தான். அதை ஏன் சார் விட்டுவிட்டீர்கள்?

கணக்குப்பிள்ளை:
படித்துவிட்டுத்தான் பொங்குகிறேன். பியூ 51 என்று எழுதிய இடத்தில் 'கடவுள் அல்லது பேராற்றல்' என்று முழுசாக எழுதியிருக்கிறது. உங்கள் ஆள் பின்பாதியை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டார். 33.

ஆய்வகத்து எலி:
எண்ணை விடுங்கள். நான் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் இருக்கிறேன், இந்த மாதிரி நிகழ்ச்சிகளை ஒரு காதில் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வேன். பேராசிரியர் உள்ளே வந்தால் கழற்றிவிடுவேன். எனக்கு இருக்கும் குறை வேறு. வருகிற விருந்தினர் எல்லாம் நிரந்தரப் பதவியில் உட்கார்ந்தவர்கள், இல்லையென்றால் ஓய்வுபெற்றவர்கள். மரபியலாளர் ஃபிரான்சிஸ் காலின்ஸ் மனித ஜீனோம் திட்டத்தை நடத்தி முடித்த பிறகுதான், விசுவாசமும் அறிவியலும் ஒத்துப்போகும் என்று பேசும் பயோலோகோஸ் அமைப்பை 2007-இல் தொடங்கினார். அவர் தைரியமாகப் பேசலாம். மானிய விண்ணப்பம் தள்ளுபடியாகி, ஒப்பந்தம் அடுத்த ஆண்டு இருக்குமோ இல்லையோ என்று இருக்கும் ஒருவர் தன் விசுவாசத்தைச் சக ஆய்வாளரிடம் சொல்கிறாரா, மறைக்கிறாரா? அதை யாரும் கேட்பதில்லை. முதல் பத்து நிமிடம் சாட்சி, அப்புறம் தொலைநோக்கி, அப்புறம் புத்தக விளம்பரம்.

கலகக்காரன்:
எலி சொல்வதில் ஒன்று விட்டுப்போனது. விசுவாசத்தை விட்டு வெளியேறிய விஞ்ஞானியை எந்த நிகழ்ச்சியாவது முழுசாகப் பேச விட்டிருக்கிறதா? கணக்குப்பிள்ளை, உங்கள் 33-ம் தாராளம்தான். 1998-இல் எட்வர்ட் லார்சன், லாரி விதம் என்ற இருவர் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். முன்னணி விஞ்ஞானிகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களில் தனிப்பட்ட கடவுளை நம்புகிறவர்கள் வெறும் 7 சதவீதம்.

நற்செய்தி நேசன்:
வந்துவிட்டார் கலகம். அதே லார்சன் அதற்கு முன் சாதாரண விஞ்ஞானிகளிடம் உளவியலாளர் ஜேம்ஸ் லூபாவின் பழைய கேள்விகளையே கேட்டுப் பார்த்தாரே, அதில் ஏறக்குறைய 40 சதவீதம் வந்ததே. 1914-இல் லூபா கேட்டபோதும் அவ்வளவுதான். எண்பது ஆண்டுகளில் அறிவியல் எங்கேயோ போய்விட்டது, விசுவாசம் அப்படியே நிற்கிறது. அதை ஏன் சொல்லவில்லை? மேல்தட்டு 7 மட்டும் கண்ணுக்குத் தெரிகிறதா?

கணக்குப்பிள்ளை:
40 என்கிறீர்கள், 51 என்கிறீர்கள், எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது ஒன்றுதான். அந்த நிகழ்ச்சியில் சொன்னது 2009 கணிப்பு. அதில் கடவுள் 33. இதற்கு மட்டும் பதில்.

நற்செய்தி நேசன்:
பதில் இதோ. அதே 2009 கணிப்பில் 18 முதல் 34 வயது விஞ்ஞானிகளை மட்டும் எடுங்கள். 66 சதவீதம்! இளைய தலைமுறை இன்னும் அதிகம். இப்போது என்ன செய்வீர்கள்?

கணக்குப்பிள்ளை:
என்ன செய்வேன், மறுபடியும் பிரிப்பேன். கடவுள் 42, பேராற்றல் 24. கூட்டல் வியாதி விடாது போலிருக்கிறது.

வால்மீன்:
ஐயா, 42 என்பது 33-ஐ விடப் பெரிதுதானே? அதையாவது ஒப்புக்கொள்ளலாமே. உங்களுக்கு எண் பிடிக்கும், அது உங்களுக்குப் பிடித்த எண்ணாக இருந்தால். நிற்க. அந்தப் பாட்காஸ்டில் பெல்ஜிய இயற்பியலாளர் லெமெத்ர் பற்றிய பகுதி நன்றாக இருந்தது. 1923-இல் குருப்பட்டம், 1927-இல் விரிவடையும் பிரபஞ்சம் பற்றிய கட்டுரை, 1931-இல் எல்லாம் ஓர் ஆதி அணுவில் தொடங்கியது என்ற கருத்து. பெருவெடிப்புக் கொள்கையின் தந்தை ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பதை நம் ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கலகக்காரன்:
பாதியைத்தான் சொல்வார்கள். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பெருவெடிப்பைப் படைப்புக்குச் சான்று போலப் பேசினார். அதை லெமெத்ர் விரும்பவில்லை. தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதுதான் அவர் நிலை. இந்தப் பாட்காஸ்ட்காரர்கள் செய்வது திருத்தந்தை செய்ததை, மேற்கோள் காட்டுவது லெமெத்ரை. பெரிய திறமை.

வால்மீன்:
அந்த உரையை முழுசாகப் படித்தீர்களா? இதுவே இறுதி நிரூபணம் என்று அதில் எங்கேயும் அடித்துச் சொல்லவில்லை. போன மாதம் கலிலியோ பற்றிப் பேசும்போதும் இப்படித்தான், அவரைச் சித்திரவதை செய்தார்கள் என்று எழுதினீர்கள். 1633-இல் தீர்ப்பு, அப்புறம் சாகும் வரை வீட்டுக்காவல் என்று நான் சொன்னதும் காணாமல் போனீர்கள்.

கலகக்காரன்:
சித்திரவதை செய்வோம் என்று மிரட்டினார்கள் என்றுதான் எழுதினேன். சாகும் வரை வீட்டுக்காவல் என்பது உங்களுக்கு விடுமுறை மாதிரித் தெரிகிறதா?

நற்செய்தி நேசன்:
நியூட்டன், பாயில், மெண்டல். எல்லோரும் விசுவாசிகள். பாயில் தன் உயிலில் கிறிஸ்தவ விசுவாசத்துக்காகச் சொற்பொழிவு நடத்தப் பணம் ஒதுக்கிவிட்டுப் போனவர். இதற்கு எந்தச் சதவீதம் வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை நியூட்டன் ஏற்காதவர். தன் காலத்தில் அதை வெளியே சொல்லாமல் மறைத்து வைத்தார். கேம்பிரிட்ஜில் குருப்பட்டம் வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து 1675-இல் அரசரிடம் விலக்கு வாங்கித் தப்பினார். இன்று அவர் உங்கள் சபைக்கு வந்தால் முதல் வரிசையில் உட்கார விடுவீர்களா? பட்டியல் நீளமாக வேண்டும் என்றால் நியூட்டன் உள்ளே, உபதேசம் என்று வந்தால் நியூட்டன் வெளியே. 18 சதவீதத்துக்கு நடந்ததும் இதேதான். பேராற்றலை நம்புகிறவர் உங்கள் போதகரிடம் போய் நின்றால், தம்பி நீ இன்னும் இரட்சிக்கப்படவில்லை என்பார். கணக்கு காட்டும்போது மட்டும் அவர் நம்ம ஆள். அதே கணிப்பில் கத்தோலிக்கர் என்றவர்கள் 10 சதவீதம், எவாஞ்சலிக்கல் என்ற நற்செய்திவாதப் புராட்டஸ்டன்ட் பிரிவினர் 4. கிறிஸ்தவ விசுவாசம் பற்றிய நிகழ்ச்சி ஏன் அந்த எண்களைச் சொல்லவில்லை? சொன்னால் பியானோ நின்றுவிடும்.

ஆய்வகத்து எலி:
அடடா, நியூட்டன் மறைத்து வைத்தார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் மேலே கேட்டதும் அதுதான். வேலைக்காக ஒளித்து வைப்பது. இயற்பியலாளர் ஜான் போல்கிங்ஹார்ன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியை 1979-இல் விட்டுவிட்டு ஆங்கிலிக்கன் குருவானார். எல்லா நிகழ்ச்சியிலும் அவரைத் தியாகி என்று கொண்டாடுகிறார்கள். விட ஒரு பதவி இருந்ததே அவருக்கு! யாராவது இதைப் பற்றிப் பேசுங்களேன்.

நற்செய்தி நேசன்:
எலி, வேறு இடத்தில் பேசலாம், இங்கே ஒருவர் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சபையை விட்ட கதை எங்களுக்குத் தெரியும். கோபம் எண் மேல் இல்லை.

கணக்குப்பிள்ளை:
என் கதைக்கு இங்கே வேலை இல்லை. தொகுப்பாளர் திருத்தம் போடட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன். அதுவரை 33.

நற்செய்தி நேசன்:
பியூ அறிக்கை, 51. போய் அவர்களிடம் திருத்தம் கேளுங்கள்.

வால்மீன்:
கலகம், அந்த 1951 உரையைப் படித்தீர்களா இல்லையா? ஆம், இல்லை, ஒன்று சொல்லுங்கள்.

கலகக்காரன்:
நீங்கள் முதலில் லெமெத்ர் பெயரைச் சரியாக உச்சரிக்கும் ஒரு பாட்காஸ்டைக் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள், அப்புறம் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
நேசன், மறுபடியும் 51 என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 'அல்லது பேராற்றல்' எங்கே?