மீனாட்சியை மீனு ஆக்கலாமா?

புது அம்மா:
மகள் பிறந்து நான்கு மாதம் ஆகிறது. பிறப்பைப் பதிந்துவிட்டோம், பெயர் மட்டும் இன்னும் சேர்க்கவில்லை. மாமியார் பெயர் மீனாட்சி. அதையே வைக்க எனக்கு ஆசை. வீட்டுக்காரரோ, "எப்படியும் மீனு என்றுதான் கூப்பிடப் போகிறோம், மீனா என்றே எழுதிவிடலாமே" என்கிறார். நாத்தனாருக்கு அது பாட்டி காலத்துப் பெயராம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மூன்றாம் பெஞ்சு:
மீனாட்சி என்றே வையுங்கள், சுருக்காதீர்கள். 'அட்சி' என்றால் கண். மீன் போன்ற கண்ணுடையவள் என்று அழகாக ஒரு பெயர் வைத்துவிட்டு, கண்ணைப் பிடுங்கிப் போட்டு மீனை மட்டும் வைத்துக்கொள்வது என்ன செல்லம்?

திண்ணைவாசி:
தம்பி, சுருக்குவது நேற்று வந்த பழக்கம் இல்லை. செட்டிநாட்டுப் பக்கம் மீனாட்சி என்றால் மீனாள், விசாலாட்சி என்றால் விசாலம். இன்னொன்றும் உண்டு. பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பார்கள். பேத்தி என்ற சொல்லே பெயர்த்தியிலிருந்து வந்ததுதான். ஆனால் மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாதே! அதனால் பெற்ற மகளையே ஆத்தா, அம்மாளு, பாப்பா என்று கூப்பிட்டுக் காலத்தை ஓட்டினார்கள். எங்கள் வீட்டில் ஒரு பாப்பாவுக்கு எழுபது வயது!

மூன்றாம் பெஞ்சு:
அது மரியாதைக்காக வைத்த மாற்றுப் பெயர், ஐயா. மீனு அப்படியா? சோம்பேறித்தனம். இகரத்தில் முடியும் பெயரைக் கூப்பிடும்போது ஈகாரமாக நீட்டலாம் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. "மீனாட்சீ" என்று வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் தெருமுனை வரை போகும். "மீனூ" என்று இழுத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பூனைதான் வரும்.

நானும் ஒரு மீனாட்சி:
ஐம்பது வருடமாக இந்தப் பெயரோடு குடித்தனம் நடத்துகிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் என்னை 'மீன் குழம்பு' என்றார்கள். மீனா என்று சுருக்கியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள், அதனால் அதை விடுங்கள். உண்மையான தலைவலி ஆங்கில எழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் டி.சி.எச்.ஐ. என்று முடிகிறேன், பாஸ்போர்ட்டில் கே.எஸ்.எச்.ஐ. இரண்டும் ஒரே ஆள்தான் என்று பத்திரத்தில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். அங்கே இருந்தவர் என் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார், ஏதோ எனக்கு இரட்டைப் பிறவி இருப்பதைப் போல.

செல்லப் பெயரா? தோழிகளுக்கு மீனு, மாமியார் வீட்டில் மீனா. அப்பா மட்டும் 'மீனாச்சி' என்பார், அந்த 'ட்' அவர் வாயில் வரவே வராது. என்னைக் கேட்டால் அதுதான் என் பெயர். பேசிவைத்துக்கொண்டு செல்லப் பெயர் சூட்ட முடியாது. அதுவாக வரும்.

கயல் பக்கம்:
இவ்வளவு சண்டை எதற்கு? அங்கயற்கண்ணி என்று வைத்துவிடுங்கள். மதுரை அம்மனைச் சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே பாடிய பெயர். அம், கயல், கண்ணி, அவ்வளவுதான். அழகிய கயல் போன்ற கண்ணை உடையவள். நல்ல தமிழும் ஆயிற்று, 'ட்சி'யா 'க்ஷி'யா என்ற வம்பும் இல்லை.

திண்ணைவாசி:
பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. அதை எப்படிச் சுருக்குவாய்? அங்கை என்றால் உள்ளங்கை!

கயல் பக்கம்:
கயல் என்று கூப்பிடுங்களேன்.

மூன்றாம் பெஞ்சு:
சுற்றிச் சுற்றி மறுபடியும் மீனுக்கே வந்துவிட்டீர்கள். கண் எங்கே?

நானும் ஒரு மீனாட்சி:
தங்கச்சி, இவர்கள் விடிய விடியப் பேசுவார்கள். ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதற்குள் முடித்துவிடு. மீனா என்று பதிந்தால் பின்னால் மீனாட்சியாக நீட்டுவதற்கு அரசிதழ் வரை அலைய வேண்டும். மீனாட்சி என்று பதிந்தால் மீனா இலவசம். எந்த எழுத்து என்பதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்து, ஆதார் முதல் எல்லாவற்றிலும் அதையே போடு.

புது அம்மா:
சரி அக்கா, மீனாட்சிதான், டி.சி.எச்.ஐ. விண்ணப்பம் எழுதியாயிற்று. மாமியாருக்கு ஒரே சந்தோஷம், ஆனால் தன் பெயரைத் தானே எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்கு வெட்கம். காலையிலிருந்து "ஏய் குட்டி" என்கிறார். வீட்டுக்காரர் மீனு, மீனு என்று தலைமாட்டில் நின்று நாலு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.