ஆர்.டி.என்.எல். பூட்டைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

தண்டையார்பேட்டை_நிரலர்:
லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில், வலையமைப்பின் அமைவை மாற்றும் பெரும்பாலான வேலைகளை ஆர்.டி.என்.எல். என்ற ஒரே மியூடெக்ஸ்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டுதான், காக்கிறது. எங்கள் சர்வரில் நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை (ஒரே கர்னலில் தனித்தனியே ஓடும் நிரல் அடைப்புகளை) ஒன்றாக எழுப்பினால், ஒவ்வொன்றும் தனக்கொரு வீத் இணையை, அதாவது இரு முனைகள் கொண்ட மெய்நிகர் வலைக் கம்பியை, கேட்டு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது தேங்கும் வண்டிகளைப் போல அந்தப் பூட்டின் முன் நிற்கிறது. ஒன்றையொன்று தொடாத நேம்ஸ்பேஸ்கள், அதாவது ஒவ்வொரு கன்டெய்னருக்கும் உரிய தனி வலையமைப்புப் பரப்புகள், எதற்காகக் காத்திருக்க வேண்டும்? நேம்ஸ்பேஸுக்கு ஒரு பூட்டு என்பதே முறை.

ராயபுரம்_பழையவர்:
உவமை பாதிதான் பொருந்துகிறது. வலையில் செல்லும் தரவுப் பாக்கெட்டுகள் அந்தக் கேட்டுக்கு வருவதே இல்லை. வழித்தட அட்டவணையைப் படிப்பவை, ஆர்.சி.யூ. எனப்படும் பூட்டில்லா வாசிப்பு முறையில், பூட்டு எடுக்காமலே கடந்துவிடுகின்றன. மாற்றுபவர் புதியதை வைத்துவிட்டு, பழையதைப் படித்துக்கொண்டிருப்போர் அனைவரும் விலகிய பிறகே அதன் நினைவகத்தை விடுவிக்கிறார். மேலும், பூட்டைப் பிரிப்பது எளிதல்ல: 1996இல் கர்னலின் 2.0 பதிப்போடு வந்த பெரிய கர்னல் பூட்டு, அதாவது கர்னல் முழுவதற்கும் பொதுவான ஒரே பூட்டு, 2011இல் 2.6.39 பதிப்பில்தான் முற்றிலும் நீங்கியது. அது எந்தத் தரவைக் காக்கிறது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாததே அத்தனை தாமதத்துக்கு ஒரு காரணம். ஆர்.டி.என்.எல். அதே நோயுடையது. அது பிடிக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட டிரைவர்கள் ஏராளம்.

தண்டையார்பேட்டை_நிரலர்:
பாக்கெட் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் அமைவை மாற்றுவது எப்போதோ நடக்கும் வேலை என்ற பழைய கணக்கு, நிமிடந்தோறும் கன்டெய்னர்கள் பிறந்து மடியும் இயந்திரத்துக்குப் பொருந்தாது, ஐயா.

மணலி_மாணவி:
எனக்கு ஓர் ஐயம். வீத் இணையின் இரு முனைகளும் இரு நேம்ஸ்பேஸ்களில் இருக்கலாம் அல்லவா? ஒருவர் முதல் பூட்டைப் பிடித்து இரண்டாவதற்கும், மற்றவர் இரண்டாவதைப் பிடித்து முதலாவதற்கும் காத்திருந்தால் இருவரும் அங்கேயே உறைந்துவிடுவார்களே?

ராயபுரம்_பழையவர்:
சரியாகப் பிடித்தீர்கள், அம்மா. நிலையான ஒரு வரிசையில்தான் பூட்ட வேண்டும். மறுமுனை எங்கே என்பது பாதி வழியில்தான் தெரியவருமானால், பிடித்ததை விட்டுவிட்டு, வரிசைப்படி மீண்டும் பிடித்து, இடையில் எதுவும் மாறவில்லையா என்று சரிபார்க்க வேண்டும். 2006இல் வந்த லாக்டெப் என்ற, கர்னலின் பூட்டுச் சோதனைக் கருவி வரிசைப் பிழைகளைக் காட்டும். ஆனால் ஒருமுறையேனும் ஓடிய பாதைகளில் மட்டுமே.

தண்டையார்பேட்டை_நிரலர்:
நேற்றிரவு எங்கள் சர்வரில் பூட்டுக்காகக் காத்திருந்த நேரத்தையும் அதைப் பிடித்திருந்த நேரத்தையும் தனித்தனியே அளந்தேன். கன்டெய்னர்களை எழுப்பும்போதைவிட அழிக்கும்போதே பூட்டு நெடுநேரம் பிடிக்கப்பட்டிருந்தது.

ராயபுரம்_பழையவர்:
வீத் முனை போன்ற வலைச் சாதனத்தை நீக்குபவர், அதைப் படிப்போர் விலகும் வரை பூட்டைக் கையில் வைத்தபடியே காத்திருக்கிறார். பல சாதனங்களைச் சேர்த்து ஒரே தொகுதியாக நீக்கினால், அத்தனைக்கும் சேர்த்து அந்தக் காத்திருப்பு குறையும். அதைச் செய்துவிட்டு அளந்து பாருங்கள்.

தண்டையார்பேட்டை_நிரலர்:
செய்கிறேன். எழுப்பும்போது உள்ள நெரிசல் அதனால் தீராது என்பதால், என் கோரிக்கை அப்படியே இருக்கிறது.