கட்டிலில் நோயாளி இருக்கிறாரா என்பதை அறிய எந்த உணரி பொருத்தம்?

கேள்வி:
வணக்கம். பக்கவாதத்திற்குப் பிறகு என் தந்தைக்கு இடக்கால் வலுவிழந்துள்ளது. இரவில் யாரையும் எழுப்பாமல் தாமே கழிப்பறைக்குச் செல்ல முயன்று இரண்டு முறை விழுந்துவிட்டார். அவர் எழ முற்படும்போதே அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்கு மணி ஒலிக்க வேண்டும். அசைவை அறியும் பிஐஆர் உணரியைப் பொருத்திப் பார்த்தேன். அவர் அசையாமல் தூங்கினால் கட்டில் காலியென்று காட்டுகிறது. படுக்கைப்புண் வராமலிருக்க மெத்தைமேல் காற்றுப் படுக்கை விரித்திருக்கிறோம். அதனடியில் அழுத்த உணரி வைக்கலாமா? ஈஎஸ்பி32 என்ற சிறு கணிப்பலகைக்கு நிரல் எழுதத் தெரியும்.

மறுமொழி 1:
பிஐஆர் உணரி அகச்சிவப்புக் கதிர்வீச்சில் ஏற்படும் மாற்றத்தை மட்டுமே அறியும். அசைவற்ற உடல் அதற்குத் தெரியாது. மெல்லிய அழுத்த உணரியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவு முழுவதும் எடை அழுத்திக்கொண்டிருந்தால் அதன் அளவீடு மெல்ல நகர்ந்துவிடும். உங்கள் காற்றுப் படுக்கை அறைகள் மாறிமாறி நிரம்பும் வகையென்றால், அவர் அசையாதபோதும் அழுத்தம் ஏறி இறங்கும்.

மறுமொழி 2:
கட்டில் கால்களுக்கு அடியில் லோட் செல், அதாவது எடையை மின்குறிகையாக மாற்றும் உணரி, வைப்பதே நம்பகமான வழி. மேலே எந்தப் படுக்கை இருந்தாலும் மொத்த எடை மாறாது. வீட்டு எடைபார்க்கும் கருவிகளில் வரும் 50 கிலோ செல்கள் நான்கைப் பலர் வாங்குகிறார்கள். ஆனால் இரும்புக் கட்டிலின் எடையோடு, உணவூட்ட வருபவரும் ஒரு மூலையில் உட்கார்ந்தால் அந்தக் காலின் சுமை 50 கிலோவைத் தாண்டக்கூடும். ஆகவே 100 கிலோ தாங்கும், ஒவ்வொன்றும் தனித்தே அளக்கக்கூடிய முழுப்பாலச் செல்களை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் தனியாக அதன் நுண்ணிய மின்குறிகையை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 பலகை கொடுங்கள். நொடிக்கு 10 அளவீடுகள் போதும். எடை முற்றிலும் நீங்கிய பிறகு ஒலிக்கும் மணியால் பயனில்லை, அதற்குள் அவர் நின்றிருப்பார். கட்டில் காலியாக இருக்கும்போதெல்லாம் அப்போதைய அளவைச் சுழியாக மீண்டும் அமைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கம்பி அறுந்தாலும் மின்சாரம் போனாலும் மணி ஒலிக்கும்படி அமையுங்கள். மின்கலம் கட்டாயம் வேண்டும். அவர் எழுவது சிறுநீர் கழிக்கத்தானே? படுக்கும் முன்பும் நள்ளிரவிலும் நீங்களே அழைத்துச் சென்றால் தனியே எழும் தேவையே பெரிதும் குறையும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நள்ளிரவில் இனி நானே எழுந்து அழைத்துச் செல்கிறேன். கட்டிலின் வலப்பக்கம் சுவரை ஒட்டியிருப்பதால் இடப்பக்கமாகத்தான் இறங்க முடியும். அந்தப் பக்கத்து இரண்டு கால்களுக்கு மட்டும் செல் வைத்தால் போதுமா?

மறுமொழி 2 எழுதியவர்:
போதாது. தூக்கத்தில் இடப்புறம் புரண்டாலும் அந்தக் கால்களில் எடை கூடும். ஆனால் அப்போது மொத்த எடை அப்படியே இருக்கும். எழுந்து உட்கார்ந்து பாதங்களைத் தரையில் ஊன்றினால், இடப்பக்கத்தின் பங்கு உயரும்போதே மொத்த எடை சில கிலோ குறையும். இவ்விரண்டும் சேர்ந்து நிகழும்போது மணியடிக்க வேண்டும். அதற்கு நான்கு கால்களின் அளவும் தேவை.