லியோன்டின் பிரைஸ்: குரல் இருக்கும்போதே ஏன் ஓபராவை விட்டார்?

மதுமிதா:
1985 ஜனவரி 3 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா ('மெட்') அரங்கில் அமெரிக்கப் பாடகி லியோன்டின் பிரைஸ் விடைபெற்ற, வெர்டி இசையமைத்த 'ஐடா' ஓபராவின் (பாட்டாகவே நடக்கும் நாடகம்) வீடியோ பார்த்தேன். மூன்றாம் அங்கத்தில், நைல் கரைக் காட்சியில் 'ஓ பாத்ரியா மியா' ('என் தாய்நாடே') என்ற பாட்டைப் பாடி முடித்ததும் நிமிடக்கணக்கில் கைதட்டல். 57 வயதென்று நம்பவே முடியவில்லை. இவ்வளவு பாட முடிகிறவர் எதற்காக நிறுத்தினார்?

பழைய ரெக்கார்டு:
நிறுத்தியது ஓபராவை மட்டும். தனிக் கச்சேரிகள் அப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல் நடந்தன. என்னைக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பாடகி அவர்.

1958 வாக்கிலேயே மெட் அவரை ஐடா பாடக் கூப்பிட்டது. போகவில்லை. மிசிசிப்பியின் லாரல் ஊரில், மர ஆலைத் தொழிலாளிக்கும் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கும் பிறந்த கறுப்பினப் பெண். மெட்டில் முதல் நாளே அடிமை வேடத்திலா வந்து நிற்பது என்று வேண்டியவர்கள் தடுத்தார்கள். (ஐடா எத்தியோப்பிய இளவரசிதான், ஆனால் எகிப்தில் சிறைப்பட்ட அடிமை.) ஐடா மேல் அவருக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. அதே 1958இல் வியன்னாவில் கராயன் இசைக்குழுவை நடத்த அதைத்தான் பாடினார், 1960இல் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கிலும்.

மெட்டுக்கு வந்தது 1961 ஜனவரி 27. வெர்டியின் 'இல் த்ரொவதோரே'யில் லியோனோரா, அரண்மனைப் பெண். கைதட்டல் 40 நிமிடத்தைத் தாண்டியது என்பார்கள். பாவம், கூடப் பாடிய டெனர் (உச்சக் குரல் ஆண் பாடகர்) பிராங்கோ கோரெல்லி, அவருக்கும் மெட்டில் அன்றுதான் முதல் நாள்!

செந்தில்_கே:
ஆரம்பத்தில் அவரும் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டவர்தானே? 1961 அக்டோபரில் புச்சினியின் 'லா ஃபான்சியுல்லா தெல் வெஸ்ட்' ஓபரா நடுவில் குரல் போய், வரிகளைப் பேசியே ஒப்பேற்றினார். மூன்றாம் அங்கத்தை இன்னொரு பாடகி டோரதி கிர்ஸ்டன் வந்து முடித்தார்.

பழைய ரெக்கார்டு:
உண்மை. முதல் சீசனிலேயே ஐந்து வேடம் பாடினால் எந்தத் தொண்டை தாங்கும்? அந்த வருஷக் கடைசியில் ரோமுக்குப் போய் ஓய்வெடுத்தார். 1966இல் லிங்கன் சென்டரில் மெட்டின் புது அரங்கைத் திறந்தபோது, இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் 'ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா' ஓபராவில் இவருக்காகவே எழுதிய கிளியோபாட்ரா வேடத்தைப் பாடினார். இயக்குநர் ஜெஃபிரெல்லி போட்ட செட் படுத்திய பாட்டில் பாட்டே அமுங்கிப்போனது. மேடைப் பிரமிடுக்குள் இவர் மாட்டிக்கொண்ட கதைகூட உண்டு.

70களில் ஓபராவைக் குறைத்துக்கொண்டு கச்சேரி மேடைக்குப் போனார். வருஷத்துக்கு எத்தனை ஐடா என்பதைத் தன் கையில் வைத்துக்கொண்டார். 57 வயதில் நீங்கள் கேட்ட அந்த மேல் ஸ்தாயிக்கு அதுதான் காரணம் என்பேன். நுழையும்போது மறுத்த வேடத்தை, போகும்போது தானே எடுத்துக்கொண்டார்.

மதுமிதா, சோல்டி இசைக்குழுவை நடத்தி 1961இல் ரோமில் பதிவான ஐடாவையும் கேளுங்கள், கூடவே பாடுவது டெனர் ஜான் விக்கர்ஸ். அதே நைல் பாட்டு, 34 வயதுக் குரல். எனக்கென்னவோ 1985தான் உசத்தி. செந்தில் சண்டைக்கு வருவார், வரட்டும்.